ஆயர் ஈத்தாம் டிராமும் என் நீரடைப்பும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. டிராமில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் என் உடம்பைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கையில் கைப்பிடியும் காலடியில் மணியுமாக நிற்கிறவன் மூத்திரக் கதை சொல்லிக்கொண்டு போனால், குறுக்கே வரும் ரிக்ஷாக்காரர்களுக்கு ஆபத்து. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். சொல்லக் கூச்சப்படுகிற வியாதி இது. நான் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் வளர்ந்தது. ஆகையால் கூச்சத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

என் பெயர் வீராசாமி. வயது நாற்பத்திரண்டு. சுங்கை பினாங்கில் வீடு. பதினோரு வருஷமாகப் பினாங்குப் படகுத்துறையான ஜெட்டிக்கும் மலையடிவார ஆயர் ஈத்தாமுக்கும் நடுவே டிராம் ஓட்டுகிறேன். என் வண்டியில் டிக்கெட் கொடுப்பவன் காளிமுத்து. அவனும் பதினோரு வருஷமாக என்னோடுதான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் வண்டியை விட்டு இறங்குவதில்லை. காலை ஷிப்டில் மூன்று நடை போய்வர வேண்டும். முதல் இரண்டு நடையில் ஆயர் ஈத்தாம் போனதும் காளிமுத்து வண்டியின் மேலே மின்கம்பியைத் தொடும் கம்பத்தை மறுபக்கம் திருப்புவான். நான் வண்டியை ஓட்டும் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு உள்ளேயே நடந்து வண்டியின் மறுமுனைக்குப் போய் மாட்டுவேன். உடனே புறப்பாடு. மூன்றாவது நடையில்தான் ஓய்வு. அப்போது காளிமுத்து, “ஆயர் ஈத்தாம், ஹாபிஸ், எல்லாரும் எறங்கு” என்று, முடிந்தது என்பதற்கான மலாய்ச் சொல்லோடு தமிழும் கலந்து கூவிவிட்டு என் பக்கம் திரும்பி, “அண்ணே, பத்து நிமிஷம்” என்பான். நான் கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருக்கும் கொல்லைக்குப் போவேன். விடியற்காலையிலிருந்து தேங்கியது அங்கேதான் இறங்கும்.

அதுவரை தாங்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்கக் கூடாது. டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான். யார் அதிக நேரம் தாங்குகிறார் என்பதில் எங்களுக்குள் ஒரு பெருமையே உண்டு. அந்தப் பெருமையில் நான் முதல் இடம். பினாங்கு வெயிலில் ஆறு மணி நேரம் நின்று ஓட்டிவிட்டு அரை டம்ளர் கோப்பிதான் குடித்தேன் என்று மார்தட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

போன வருஷ நடுவில் முதல் தொந்தரவு வந்தது. மூத்திரம் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். கொஞ்சம் குனிந்தாலோ, ஒரு காலைத் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்தாலோ மறுபடி வரும். முடியும்போது நுனியில் சுரீர் என்று வலிக்கும். வண்டி குலுங்கிய நாட்களில் நிறமும் கொஞ்சம் சிவந்திருக்கும். உடம்புச் சூடு என்று நானே முடிவு செய்தேன். எங்கள் ஆட்களுக்கு எது வந்தாலும் சூடுதானே. கடுப்பு அதிகமானபோது நான் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? இன்னும் குறைவாகத் தண்ணீர் குடிப்பது. உள்ளே போகாவிட்டால் வெளியே வர வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? இந்தப் புத்திசாலித்தனம் டிராம் டிரைவரைத் தவிர வேறு யாருக்கும் வராது.

என் மனைவி பாக்கியத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் கொல்லைப்புறத்தில் நிற்கும் நேரத்தை அவள் கணக்கு வைத்திருந்தாள். ஒரு நாள் ஒன்றும் கேட்காமல் வாழைத்தண்டுச் சாறு ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். மறுநாளும் நீட்டினாள். ஒரு சொம்புச் சாறு குடித்துவிட்டு வண்டியில் எப்படி நிற்பது? அவள் உள்ளே போனதும் சாக்கடையில் ஊற்றினேன். பல நாட்கள் அப்படி ஊற்றியிருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கடைசி இரண்டு மாதம் இடுப்புக்கு மேலே முதுகில் இரு பக்கமும் ஒரு கனம். நடுநடுவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். அதற்கும் மலேரியாதான் என்று கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மூன்றாவது நடை, ஆயர் ஈத்தாம், பத்து நிமிஷம். கொல்லையில் போய் நின்றேன். முட்டுகிறது, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. குனிந்தேன், சாய்ந்தேன், குந்தினேன். சந்தைக் கோழிகள்கூட என்னை வேடிக்கை பார்த்தன. பத்து நிமிஷம் முடிந்து காளிமுத்து மணி அடித்தான். திரும்பிப் போய் வண்டியை எடுத்தேன். ஜெட்டி வரைக்கும் ஓட்டினேன் என்பதை டாக்டர்கள் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்கள். ஒவ்வொரு தண்டவாள இணைப்பையும் அடிவயிற்றால் எண்ணிக்கொண்டு போனேன். ஜெட்டியில் வண்டி நின்றதும் கைப்பிடியைப் பிடித்தபடியே அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

காளிமுத்து ஓடிவந்தான். “என்னாண்ணே, நெஞ்சு வலியா?”

“இல்லடா. ஒண்ணுக்கு வரல.”

“எப்போலேருந்து?”

“விடியக்காலையிலேருந்து.”

அவன் சிரிக்கவில்லை. அதிலிருந்தே எனக்குப் பயம் வந்துவிட்டது. மாற்று டிரைவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, என்னை ரிக்ஷாவில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் ரிக்ஷாக்காரரிடம், “பெலான் பெலான்லா, மெதுவா போ” என்று கெஞ்சிக்கொண்டே வந்தான்.

அங்கே என்னைப் பார்த்தவர் செல்லத்துரை என்ற டிரெஸ்ஸர், டாக்டருக்கு உதவியாளர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பு, மூக்குக்கண்ணாடி, கோபிக்கிற மாதிரியே பேசுகிற தங்கமான மனிதர். அடிவயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். தொப்புள் வரைக்கும் கல்லுப்போல் இருந்தது.

“எத்தினை நாளா இப்பிடி?”

“இன்னைக்குத்தான் ஐயா.”

“பொய் சொல்லாதேங்கோ. இந்தப் பை ஒரு நாளில இவ்வளவு பெருக்காது.”

கொதிநீரிலிருந்து சிவப்பு ரப்பர் குழாய் ஒன்றை எடுத்தார். இதை எங்கே விடப் போகிறார் என்று புரிந்ததும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது. எண்ணெய் தடவி மெதுவாக உள்ளே செலுத்தினார். ஓரிடத்தில் எதிலோ தட்டி நின்றது. கொஞ்சம் தள்ளினார். வழிவிட்டது. அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்? தகரப் பாத்திரத்தில் விழுந்த அந்தச் சத்தத்தைப் போல் இனிமையான சத்தத்தை நான் எந்தக் கோவில் திருவிழாவிலும் கேட்டதில்லை. ஒரேயடியாக வடித்தால் மயக்கமும் ரத்தப்போக்கும் வரும் என்று விட்டுவிட்டு வடித்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். இருட்டறையில் குளிர்ந்த மேசையில் மூச்சை அடக்கிப் படுத்திருந்தேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் செல்லத்துரை ஐயா காட்டினார். இடுப்பெலும்புக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று, நம் ஊர் ஜாதிக்காய் அளவில்.

“இதுதான் உங்கட கல்லு. வாசலில வந்து குந்தினால் மூத்திரம் நிக்கும். நீங்கள் சாய்ஞ்சால் அது உருண்டு விலகும். நேற்று நல்லா இறுகிப்போச்சுது. நான் குழாயால உள்ள தள்ளிவிட்டன்.”

“அது சரி ஐயா. முதுகு ஏன் வலிக்குது? காய்ச்சல் ஏன் வருது?”

அவர் என் டிராமில் அடிக்கடி வருகிறவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

“உங்கட டிராம் லைன் ஒற்றை லைன்தானே? முன்னுக்கு ஒரு வண்டி நிண்டுபோனால் என்ன நடக்கும்? பின்னுக்கு வாற வண்டியெல்லாம் டிப்போ வரைக்கும் தேங்கி நிக்கும். இதுவும் அப்பிடித்தான். மேல ரெண்டு சிறுநீரகம். அங்கதான் மூத்திரம் ஊறுது. ரெண்டு மெல்லிய குழாயால கீழ பைக்கு வருது. குழாய் பைக்குள்ள நுழையிற இடத்தில கதவு மாதிரி ஒரு மடிப்பு இருக்கு. கீழ வர விடும், மேல போக விடாது. பை மாசக்கணக்கா நிரம்பி முட்டினால் அந்தக் கதவு தளர்ந்துபோம். பிறகு மூத்திரம் திரும்பி மேல ஏறும். தேங்கின தண்ணியில கிருமி வளரும். அதுதான் முதுகு நோ, அதுதான் குளிர் காய்ச்சல். விளங்குதோ?”

நன்றாக விளங்கியது. இத்தனை வருஷம் என் வண்டியை ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஓட்டியவன், எனக்குள் இருந்த இரண்டு லைனையும் முடக்கிப் போட்டிருக்கிறேன்.

கல்லை எடுக்கும் முன் சிறுநீரகம் இரண்டும் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். காய்ச்சல் அடங்கவும் வேண்டும். அதற்காக ரப்பர் குழாயோடு பத்து நாள் காத்திருந்தேன். தினமும் என் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சாராய விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார்கள். ஒரு நாள் சிவப்பு மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். அது சிறுநீரகம் வழியாக எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. குழாயில் வந்ததில் இரண்டு சொட்டு வேறொரு மருந்து விட்டதும் செம்பருத்திப்பூ நிறமாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கை ஒடிந்து கிடந்த சீனத் தச்சர் எட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தி மலாயில் “பாகுஸ்”, பிரமாதம், என்றார். என் வாழ்நாளில் அதற்கு யாரும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை. சிறுநீரகம் அடிபட்டிருந்தாலும் தாங்கும் என்று தெரிந்தது.

மாலை நாலு மணிக்குப் பார்வை நேரம். பாக்கியம் பார்லித் தண்ணீரும் குழைந்த கஞ்சியும் கொண்டுவருவாள். கஞ்சிக்கு நடுவில் டாக்டர் அறியாமல் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் புதைந்திருக்கும். அவள் வருவதும் எங்கள் லைன் டிராமில்தான்.

“என்னங்க, இனிமே நடந்தே வந்துடறேன். ஏறுனா எறங்குற வரைக்கும், அண்ணனுக்குப் போச்சா, அண்ணனுக்குப் போச்சான்னு கேக்குறாங்க. ஆயர் ஈத்தாம் கீரைக்கார சீனத்தியம்மாகூட கையப் புடிச்சிக்கிட்டுக் கேக்குது. மானமே போவுது.”

ஒரு நாள் அந்தப் பார்லித் தண்ணீரைக் கையில் வாங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. “பாக்கியம், நீ கொடுத்த வாழைத்தண்டுச் சாற நான் குடிக்கல. சாக்கடையில ஊத்திட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள். “சாக்கடையோரமெல்லாம் வாழத்தண்டு வாசம். ஒரு நாளாச்சும் மனசு மாறிக் குடிப்பீங்கன்னுதான் தெனமும் போட்டேன்.”

தலையணையைச் சரிசெய்துவிட்டு நான் கடைசிச் சொட்டு குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பெரிய டாக்டர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர். அவர் சொன்னதைச் செல்லத்துரை ஐயா தமிழில் சொன்னார். கல்லை எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் மாதக்கணக்கில் விரிந்த பை தன் பலத்தை இழந்திருக்கலாம். கல் போன பிறகும் அது சுருங்கி மூத்திரத்தைத் தள்ளாவிட்டால், அடிவயிற்றில் துளைபோட்டு வைத்த குழாயோடுதான் காலம் தள்ள வேண்டும். தேங்க விட்டால் சிறுநீரகம் போய்விடும்.

“குழாயோட டிராம் ஓட்டலாமா ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏலாது, வீராசாமி.”

கத்தியைவிட அந்த வார்த்தைக்குத்தான் பயந்தேன். எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தாலும் செய்ய மனம் வராது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. விழித்தபடியே படுத்திருந்தேன். முகத்துக்கு முன்னால் துணி கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எஃகுக் கிண்ணத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம். கல் வெளியேறிவிட்டது. ஆயர் ஈத்தாம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

பத்து நாள் அடிவயிற்றிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்கடியில் இருந்த போத்தலுக்குப் போயிற்று. பிறகு அதை எடுத்துவிட்டு, புண் காயும்வரை பழைய வழியில் ரப்பர் குழாய் வைத்தார்கள். நல்ல தூக்கம், நல்ல பசி. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தூரத்தில் டிராம் மணி கேட்கும். எந்த மணி யாருடைய காலில் அடிக்கிறது என்று தச்சரிடம் அரைகுறை மலாயில் சொல்லிப் பொழுதைப் போக்கினேன்.

புண் காய்ந்த பிறகு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ரப்பர் குழாயையும் உருவினார்கள். இனி நானாகப் போக வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். அதுவரை போகாவிட்டால் மறுபடி வயிற்றில் குழாய்.

பார்லித் தண்ணீர் குடித்தேன். பத்து மணிக்கு முட்டியது. திரைமறைப்பை இழுத்துவிட்டு நின்றேன். வரவில்லை. செல்லத்துரை ஐயா பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டார். அதில் தண்ணீர் கொட்டியது, என்னிடம் இல்லை. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தார். நடக்கச் சொன்னார். குந்தச் சொன்னார். வார்டு முழுக்கச் சத்தம் காட்டாமல் எனக்காகக் காத்திருந்தது. அப்படி முப்பது பேர் காது கொடுத்துக் காத்திருந்தால் யாருக்குத்தான் வரும்? இரண்டு மணிக்கு வலி ஆரம்பித்தது. மூன்று மணிக்குச் செல்லத்துரை ஐயாவே என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார். வீட்டு வாசலில் குழாயோடு உட்கார்ந்துகொண்டு, வேறொருவன் ஓட்டும் டிராமின் மணியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாட்களை எண்ணி நான் உடைந்துபோயிருந்தேன்.

நாலு மணிக்குப் பாக்கியம் வந்தாள். செல்லத்துரை ஐயா விஷயத்தைச் சொன்னதும், என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த வழியே ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து மணிக்குக் காளிமுத்துவோடு திரும்பி வந்தாள். அவன் காக்கிச் சட்டையோடு, தோளில் டிக்கெட் பையோடு நின்றான். பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பித்தளைக் கைப்பிடி.

“மாத்து டிரைவர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். ஆறு மணிக்குள்ள டிப்போவுல வெக்கணும்ணே.”

“இத எதுக்குடா?”

“எனக்கென்ன தெரியும்? அண்ணியோட யோசனை.”

பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “லீவு நாள்லகூட வீட்டுல உங்களுக்கு லேசுல வராது. பதினோரு வருஷமா வண்டி நின்னாத்தானே வந்திருக்கு. எந்திரிச்சு நில்லுங்க.”

எழுந்து நின்றேன். திரையை இழுத்தார்கள். கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கினேன். பித்தளையின் குளிர்ச்சி விலாவில் பட்டது. திரைக்கு அந்தப் பக்கம் காளிமுத்து தொண்டையைக் கனைத்தான். பிறகு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், சந்தைவரை கேட்கிற தன் முழுக் குரலில் கூவினான்.

“ஆயர் ஈத்தாம், ஹாபிஸ், எல்லாரும் எறங்கு.”

கொஞ்சம் நிறுத்தினான். குரலைத் தணித்து, தினமும் சொல்கிற அதே மாதிரி சொன்னான்.

“அண்ணே, பத்து நிமிஷம்.”

என் தோள் தானாக இறங்கியது. ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. ஒரு எரிச்சல். அப்புறம் தாரையாக வந்தது. நிற்கவில்லை, தடைப்படவில்லை, நான் எந்தப் பக்கமும் சாய வேண்டியிருக்கவில்லை. மங்குப் பாத்திரத்தில் விழுந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். தச்சர் ஒடியாத கையால் கட்டிலைத் தட்டினார். பாக்கியம் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். எழுப்ப நான் போகவில்லை. எனக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.

செல்லத்துரை ஐயா பாத்திரத்தை அளந்தார். “பதினாலு அவுன்ஸ்” என்று எழுதிக்கொண்டார். பிறகு காளிமுத்துவைப் பார்த்து, “தம்பி, இனி இப்பிடிக் கத்தினால் உம்மையும் இஞ்ச படுக்க வைப்பன்” என்று அதட்டினார். அவர் மூக்குக்கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

பிறகு எல்லாம் எளிது. நாளுக்கு ஆறேழு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அடக்கக் கூடாது என்று உத்தரவு. அடக்கக் கூடாது என்றால் வேலை எப்படி? பயந்துகொண்டேதான் டிப்போவில் இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டேன். டிரைவர் நடுவழியில் இறங்கக் கூடாது என்ற விதியை எனக்கு மட்டும் தளர்த்த முடியுமா என்று. அவர் விதிப் புத்தகத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு விதியே இல்லை. கைப்பிடியைக் கழற்றிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கலாம் என்றுதான் இருந்தது. டிரைவர்களுக்கெல்லாம் தேவைப்படுவதில்லை போலும் என்று இத்தனை வருஷம் அவர் நினைத்திருந்தாராம். எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பாக்கியம் வாசலில் சொம்போடு நின்றாள். சாக்கடைப் பக்கமே திரும்பாமல் முழுவதையும் குடித்தேன். இரண்டாவது நடையில், பாதி வழியில், எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். ஒற்றை லைனில் எல்லா நடையிலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். காளிமுத்து வந்து கையை நீட்டினான்.

“கைப்பிடியக் குடுங்கண்ணே. எதிர்வண்டி வர நாலு நிமிஷம் ஆகும்.”

கோப்பிக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. போய்விட்டு வந்தேன். வண்டியில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆயர் ஈத்தாம் கீரைக்கார அம்மா மட்டும் கூடைக்கு மேலாகத் தலையை நீட்டி, “சுடா?” என்றார். ஆயிற்றா என்று கேட்கிறார்.

“சுடா” என்றேன். வண்டியே சிரித்தது.

கைப்பிடியை மாட்டிவிட்டுப் பார்த்தேன். எதிர்வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. பதினோரு வருஷமாகத் தினமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடம் அது. அந்த நாலு நிமிஷமும் பதினோரு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.